சுவர் ஆடிய படம்

பதினொரு வருடமாக டாக்டரம்மாவின் முகத்தைக் கேமராவுக்குள் பிடித்து வைத்திருந்தவர் நெட்டை அண்ணன். ஆறடி இரண்டங்குலம். டிவி நிலையத்தில் இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் நெட்டை அண்ணன்தான், அவரைவிட மூத்தவர்களுக்குக்கூட. அப்பேர்ப்பட்டவர் நான்கு மாதமாக ஒரு விஷயத்தைப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். கேமராவைத் தோளில் தூக்கினால் அவர் கை நடுங்கியது.

அவருடைய அப்பா நடுக்குவாதத்தில்தான் போனார். கடைசி மூன்று வருடம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிக்க முடியாமல், பெற்ற பிள்ளையின் கையால் குடித்துவிட்டுப் போனார். நமக்கும் அதேதான், வேலையும் போச்சு, வாழ்க்கையும் போச்சு என்று நெட்டை அண்ணன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார். அப்படியும் உடம்பு இளைத்து, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று.

பக்கத்திலேயே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் வம்பே. இன்னொரு டாக்டராக இருந்தால் சொல்லியிருப்பார். இந்த அம்மா மீது அவருக்கு அப்படியொரு பிரமிப்பு. காலையில் ஆஸ்பத்திரியில் நரம்பு நோய்ப் பிரிவு, மதியம் ஆய்வுக்கூடம், மாலையில் டிவி. முதல் நாள் கேமராவைக் கண்டு பேந்தப் பேந்த விழித்தவர், ஆறே மாதத்தில் கறிக்கடைக்காரருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஒரே மாதிரி புரியும்படி மூளையைப் பற்றிப் பேசினார். கூட வேலை செய்கிற டாக்டர்கள் "டிவி டாக்டர்" என்று கிண்டலடித்தபோது, "ஆமா, அங்க ஒரே நேரத்துல ஆறு லட்சம் பேரைப் பார்க்கிறேன். நீங்க?" என்று கேட்டு வாயை அடைத்தார். அவர் முன்னால் ஒரு உதவாக்கரையாக நிற்பதை நெட்டை அண்ணனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இந்த நான்கு மாதமாக டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். கை நடுக்கம் என்ன ரகம் என்று அறியப் பெரிய இயந்திரம் எதற்கு, சாதாரண கேமரா போதாதா என்பதுதான் கேள்வி. முப்பத்தொரு நோயாளிகளின் கைகளைப் படமெடுத்தவர் நெட்டை அண்ணன். வார்டில் கட்டில்களுக்கு நடுவே கேமராவை நிறுத்தும் முக்காலி வைக்க இடமில்லை, எல்லாம் தோளில் வைத்து எடுத்ததுதான். முதல் எட்டுப் பேருடைய படங்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தார். மீதியைக் கொடுக்க இன்று நாளை என்று இழுத்தடித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எடிட்டர் வந்து சொன்னார். "அண்ணே, டாக்டரம்மா மிச்சப் படம் எல்லாத்தையும் வெட்டாம அப்படியே கேட்டாங்க. மத்தியானம் அவங்களே வர்றாங்க. படம் ஏதோ ஆடுதாம்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது, டாக்டரம்மா ஆதாரத்தோடு போய் இயக்குநரிடம் சொல்லப்போகிறார் என்றே நெட்டை அண்ணன் முடிவு கட்டினார். எடிட்டர் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து இருபத்து மூன்று பேருடைய படங்களையும் அடியோடு அழித்தார். வேறு நகல் கிடையாது. நகல் எடுத்து வைக்க வேண்டியவரும் அவரேதான்.

சொன்னபடி இரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார். எடிட்டரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நோயாளிங்க கை ஆடுறது சரி. பின்னாடி இருக்கிற சுவரும் ஆடுதே. சுவருக்கு ஏது வியாதி? மிச்சத்தையும் போடுங்க, பார்த்துடலாம்."

நெட்டை அண்ணனுக்குப் பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை. "அழிச்சுட்டேன் டாக்டரம்மா."

"எதை?"

"எல்லாத்தையும்."

"அறிவிருக்கா உங்களுக்கு?" கத்தல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போனது. "நாலு மாச உழைப்புய்யா அது! ஏன்? ஏன் அழிச்சீங்க?"

அப்பா, தண்ணீர் டம்ளர், வேலை, எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. டாக்டரம்மாவின் முகத்திலிருந்து கோபம் மெல்ல இறங்குவதை அவர் பார்த்தார். அந்த முகத்தில் எது ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குத் தெரியும்.

"உட்காருங்க. கையை மடியில சும்மா வைங்க."

வைத்தார். கை ஆடாமல் கிடந்தது. டாக்டரம்மா குனிந்து ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"இப்ப எழுந்து கேமராவைத் தோள்ல வைங்க. அந்தக் கதவு மூலையைப் பத்து நொடி எடுங்க. நொடிக்கு ஐம்பது படம் விழணும்."

தன் நடுக்கத்தைத் தானே படமெடுத்தார் நெட்டை அண்ணன். டாக்டரம்மா கணினித் திரைமேல் கண்ணாடித் தாள் ஒன்றை ஒட்டினார். படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, கதவின் மூலை இருக்கிற இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். ஐம்பது புள்ளி. பிறகு அவற்றை இணைத்து, கோடு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று உதடசைத்து எண்ணினார். அடுத்த நொடிக்கும் அப்படியே. அதற்கடுத்த நொடிக்கும். நாற்பது நிமிடம் தலை நிமிரவில்லை. ஆறு லட்சம் பேர் பார்க்கிற அம்மா, ஒரே ஒரு ஆளுக்காகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது," என்றார் கடைசியில். "நொடிக்கு ஒன்பது தடவை. உங்கப்பாவுக்கு வந்தது நாலோ அஞ்சோ தான் ஆடும், அதுவும் கை சும்மா இருக்கும்போது. உங்களுக்குச் சும்மா இருந்தா ஆடவே இல்ல." மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "நூத்துப் பதினாறு. நல்லா சாப்பிட்டும் இளைக்கிறீங்க, இல்ல? வேர்த்துக் கொட்டுதா?"

"ஆமா..."

"தைராய்டு மாதிரி இருக்கு. நாளைக்கே ரத்தம் கொடுங்க, அது சொல்லட்டும். அதுதான்னா மாத்திரையில அடங்கிடும். உங்கப்பாவோட வியாதி இது இல்லண்ணே."

ஆறடி மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். நான்கு மாதமாக அடக்கியது.

அழுகை ஓய்ந்தபோது வெட்கம் வந்து பிடுங்கித் தின்றது. "இருபத்து மூணு பேரு டாக்டரம்மா. உங்க ஆராய்ச்சியையே கெடுத்துட்டேன். நல்ல ஆளா வச்சு மறுபடி எடுத்துடுங்க."

"எடுக்கத்தான் போறோம்." டாக்டரம்மா கண்ணாடித் தாளை உரித்துச் சுருட்டினார். "ஆனா வேற ஆள் வேணாம். உங்க கை நடுக்கம் நிக்கட்டும்."

"அதுக்கு மாசக்கணக்கா ஆகுமே?"

"ஆகட்டும். காத்திருக்கேன்."