நாற்பத்தேழு சைபர் ஆறின் விலை

கார் நம்பர்களை வாங்கி விற்பதுதான் அவர் தொழில். காரை அல்ல, நம்பரை மட்டும். "காத்தை வித்துக் காசாக்குறவன்" என்று சொந்த அக்காவே சொல்வாள். மற்ற எல்லாருக்கும் அவர் நம்பர்காரர்.

அவர் கணக்கு எளிது. ஒற்றை இலக்க நம்பர் என்றால் பணக்கார வீட்டுப் பெண் மாதிரி. வரன் தானாக வாசலுக்கு வரும். ஒரே இலக்கம் நாலு தடவை வந்தால் அதற்கடுத்த மவுசு. எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒருவருடைய பெயர் போலத் தெரிந்தால், அந்தப் பெயர்க்காரர் கண்ணில் படும்வரை அது வெறும் தகரம். பட்டுவிட்டால் தங்கம். இதையெல்லாம்விட விலையை ஏற்றுவது, "பக்கத்துக் கடைக்காரரும் கேட்டாரு" என்ற ஒரே ஒரு வாக்கியம். அதை அவர் பொய்யாகச் சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்க வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

இந்தக் கணக்கு எதிலும் ஒட்டாத நம்பர் ஒன்று அக்கா வீட்டு வாசலிலேயே நின்றது. நாற்பத்தேழு சைபர் ஆறு. மாமா நடத்திய டிரைவிங் ஸ்கூலின் ஒரே கார். பார்க்கவும் லட்சணமில்லை, சொல்லவும் வாய் கோணும்.

மாமாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். இனிமேல் பெடல் பக்கம் கால் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் அக்காவுக்கும் உண்டு. ஆனால் முன்னறையில் சிக்னல் படங்களைக் காட்டிப் பாடம் எடுத்ததோடு சரி, ரோட்டுக்குப் போனதில்லை.

"எனக்குப் பொறுமை கிடையாதுடா. எவனாவது கியரைத் தப்பாப் போட்டான்னா நான் ஒண்ணு போட்டுடுவேன். ஸ்கூலை மூடிட்டு, காரையும் நம்பரையும் வித்துக் குடு. உள்ளதை வச்சுக் காலத்தை ஓட்டிக்கறோம்."

கட்டிலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "நம்பரை லேசுல விட்டுடாத மாப்ள. ராசியான நம்பர். எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா?"

ஒருவரும் கேட்டதில்லை என்று நம்பர்காரருக்குத் தெரியும். சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு தலையாட்டினார்.

ஆனால் ஒருவர் கேட்டார். மெயின் ரோட்டில் புதிதாக டிரைவிங் ஸ்கூல் திறந்திருந்த முதலாளி. வாசலில் வரிசையாக வெள்ளைக் கார்கள், உள்ளே ஏசி, சுழலும் நாற்காலி.

"கார் வேணாங்க. நம்பர் மட்டும் போதும். என் வண்டி ஒண்ணுல மாட்டிக்கறேன்" என்றார்.

நம்பர்காரர் அந்தப் பழைய காரின் விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார். அவர் பாதியாகக் கேட்பார், இவர் நெஞ்சில் கை வைப்பார், எழுந்திருப்பார், அவர் உட்காரச் சொல்வார், காபி வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான விலை பிறக்கும். அதற்கெல்லாம் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரி" என்றார் முதலாளி.

நம்பர்காரர் மடித்த கையை மெதுவாக இறக்கிவிட்டார். அப்பாவின் துணிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். சொன்ன விலைக்கு ஒரு ஆள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், விற்கிற பொருள் என்னவென்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, விற்கிறவனுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் சொல்லியாயிற்று. சொன்ன விலையிலிருந்து பின்வாங்கினால் இந்தத் தொழிலில் அப்புறம் யார் மதிப்பார்கள்?

"மாமாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்தார்.

அக்கா வீட்டு கேட்டில் ஒரு நர்ஸம்மா மகளோடு நின்றிருந்தார். மூடியாச்சு என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வண்டி இங்கதானே நிக்குது?" என்றார் நர்ஸம்மா. "உங்க ஸ்கூல் பேரே எனக்குத் தெரியாதுங்க. நாப்பத்தேழு சைபர் ஆறுலதான் கத்துக்கணும்னு இவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் இதுலதான் கத்துக்கிட்டேன். ரெண்டாவது நாளே காம்பவுண்டு சுவத்துல கொண்டுபோய் இடிச்சேன். சார் எறங்கிப் போய் சுவத்தைத் தடவிப் பாத்தாரு. 'சுவத்துக்கு ஒண்ணும் ஆகலம்மா, ஸ்டார்ட் பண்ணுங்க'ன்னாரு. அவ்வளவுதான். எங்க வார்டுல பாதிப் பேரு இந்த வண்டில கத்துக்கிட்டவங்க. மெயின் ரோட்டு ஸ்கூல்ல போய்ச் சேந்தா அந்தாளு கத்துற கத்துல இவ ஸ்டீயரிங்கை விட்டுட்டு ஓடி வந்துடுவா."

நம்பர்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி வாங்க நினைத்த சரக்கு இப்போது துலாம்பரமாகத் தெரிந்தது. அந்தத் தகரத்தைத் தன் வெள்ளைக் காரில் மாட்டிவிட்டால், நர்ஸம்மா மாதிரி ஆட்கள் நம்பரைத் தேடி அவர் வாசலுக்கே போவார்கள்.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விலையையும் சொன்னார், விஷயத்தையும் சொன்னார்.

"மூணு மடங்கா?" அக்கா வாயைப் பிளந்தாள். "வித்துடுடா."

"வித்தா ஒரு தடவை காசு. வச்சிருந்தா மாசாமாசம். ஆனா பக்கத்து சீட்டுல நீ உக்காரணும்."

"நானா? கத்திடுவேனேடா."

"கத்துனா நம்பரோட விலை அன்னைக்கே எறங்கிடும். அதையும் யோசிச்சுக்க. அவசரமில்ல, அந்தாளு நாளைக்கும் வாங்குவான்."

அக்கா காரைப் பார்த்தாள். கேட்டருகே துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"உன் வாக்கு?"

"கெட்டா கெடட்டும். நல்லா இருந்தப்ப மட்டும் எவனாவது வீடு தேடி வந்து மால போட்டானா?"

சொன்னாரே தவிர, முதலாளிக்கு போன் செய்யும்போது நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். வாயில் வந்ததையெல்லாம் முதலாளி கொட்டித் தீர்த்தார். தரகர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி நாறடித்துவிடுவதாகச் சொன்னார். நம்பர்காரர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். முதலாளி பக்கம் நியாயம் இருந்தது.

உள்ளே மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு மடங்கா! நான்தான் சொன்னேன்ல, ராசியான நம்பருன்னு!"

"ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா ஒருத்தரையும் கத்தாம இருந்தீங்கல்ல, அதுக்குத்தான் அவன் விலை குடுக்குறான்."

மாமா நேராக இருந்த தலையணையை இன்னும் நேராக்கினார்.

மறுநாள் காலை அந்தப் பெண் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் அக்கா, உதட்டை இறுக மூடியபடி. நம்பர்காரர் பின்னாலேயே நடந்து போனார். வண்டி அந்த வேகத்தில்தான் போனது.

நாற்சந்தியின் நட்டநடுவில் கார் குலுங்கி நின்றது. அந்தப் பெண் சாவியைத் திருகினாள், இருமியது, நின்றது. மறுபடியும் திருகினாள். பின்னால் ஒரு வேன் ஹாரனை அழுத்திப் பிடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. போச்சு, முதலாளியிடம் மறுபடி போக வேண்டியதுதான் என்று நினைத்தார் நம்பர்காரர்.

அக்கா தலையை வெளியே நீட்டினாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வேன்காரரைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ்! நீ பொறக்கும்போதே ஸ்டீயரிங்கோடயா பொறந்த? கத்துக்கிட்டு இருக்குது புள்ள, கண்ணு தெரியல?"

ஹாரன் நின்றது. அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றாள். "கிளட்சை மிதிச்சுக்க. மெதுவா. நமக்கு என்ன அவசரம்?"