விழுங்காத எழுத்து

1937 கோடையில் ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் படிக்கிணற்றைச் சர்க்கார் செலவில் பழுது பார்த்தார்கள். வேலை முடிந்ததும் பெயர் பொறித்த கல்லைப் படிகளின் உச்சியில் நட வேண்டும். பெயரை விசாரித்து எழுதும் பொறுப்பு குமாஸ்தா சரவணமுத்துவிடம் இருந்தது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வீட்டை ஊடு என்பார்கள், விழுந்தான் என்பதை உழுந்தான் என்பார்கள், முன்னால் நிற்கும் வகரத்தை விழுங்கிவிடுவார்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். விழுங்கிய எழுத்தைத் தேடிப் போட்டு எழுத அவர் பழகியிருந்தார். ஊரார் "ஆராயி கெணறுங்க" என்றதும், வாராயி என்று மனத்துக்குள் திருத்தினார். வாராகியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிறகு தெளிந்தார். "வாராகி அம்மன் கிணறு" என்ற காகிதம் மேலதிகாரியின் கையெழுத்தோடு கல்தச்சர் சென்னிமலையிடம் போயிற்று.

மறுநாள் காலை ஆராயியின் மகள் மயிலம்மாள் தண்ணீருக்கு வந்தாள். கல் பொறித்துக்கொண்டிருந்த சென்னிமலையிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, எங்கம்மா பேரு எப்படி வந்திருக்குது?"

"உங்கம்மா பேரா? வாராகியம்மன்னுல்ல எழுதியிருக்குது. மொத எழுத்து இப்பத்தான் முடிச்சேன்."

"உளியக் கீழ வெய்யுங்க" என்றாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சரவணமுத்துவிடம் நேராகப் போனாள்.

"ஏனுங்க சாமி, எங்கம்மாள எப்பங்க அம்மனாக்குனீங்க?"

அவர் வகரக் கணக்கைப் பொறுமையாக விளக்கினார். "சாமி பேர் வந்தா ஊருக்குப் பெருமைதானேம்மா?"

"சாமிக்கு ஊரெல்லாம் கோயில் இருக்குதுங்க. எங்கம்மாளுக்கு இந்த ஒரு கெணறுதான். இந்தக் கல்லுல இல்லீன்னா, என்ர பேத்திக்கு அவ ஆருன்னே தெரியாதுங்க."

"கையெழுத்தான காகிதம். மாத்தணும்னா ஆதாரம் வேணுமே."

"ஆதாரமுங்களா? எறங்கி ஒரு செம்பு தண்ணி மொண்டுட்டு வாங்க."

சரவணமுத்து இறங்கினார். கால் எதிர்பார்த்த ஆழத்துக்கு முன்பே ஒவ்வொரு படியும் வந்து முட்டியது. ஆறாவது படியில் தடுமாறி உட்கார்ந்துவிட்டார்.

மேலிருந்து சென்னிமலை சிரித்தார். "ஐயா உழுந்துட்டாருங்கோ! விழுந்தாருன்னு திருத்தி எழுதிக்குங்க!"

மயிலம்மாள் சிரிக்கவில்லை. "எங்கம்மா குட்டைங்க. பொம்பளைகளா சேர்ந்து ரெண்டு கோடை மண்ணு சொமந்து வெட்டுன கெணறு இது. படி வெக்க ஆளுக வந்தப்ப, 'என்ர காலுக்கு அளவெடுங்க, நெறமாசக்காரியும் கொடத்தோட ஏறோணும்'னு சொன்னாங்க. அம்மனுக்கு எதுக்குங்க குட்டைப் படி?"

அவர் அங்கேயே உட்கார்ந்து படியைச் சாணால் அளந்தார். அரை அடி கூட இல்லை. மேலே வந்து பெயரை அடித்துத் திருத்தினார். மேலதிகாரிக்கு விளக்கம் எழுதினார். குறிப்புக் கட்டத்தில், யாரும் கேட்காமலே, "ஆராயி என்பவர் ஊர்ப் பெண்களைக் கூட்டி இரண்டு கோடையில் வெட்டியது. படிகள் அவர் அளவு" என்று சேர்த்தார்.

வெட்டிய 'வா'வை 'ஆ'வாக்க வழியில்லை. சென்னிமலை கல்லைத் திருப்பிப்போட்டு மறுபுறத்தில் புதிதாகப் பொறித்தார். ஊரைப் பார்த்த பக்கம் 'ஆராயி கிணறு'. கிணற்றைப் பார்த்த பக்கம் ஒற்றை எழுத்து நின்றுவிட்டது.

கல் நட்ட அன்று மயிலம்மாள்தான் முதல் குடம் எடுத்தாள். பாதிப் படி ஏறி நிமிர்ந்தவள், மேலே தெரிவது என்ன எழுத்து என்று கேட்டாள்.

"வா" என்றார் சரவணமுத்து, சற்றுக் கூச்சத்தோடு.

"அது இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு மீதிப் படிகளை ஏறி வந்தாள்.