செவலை மறக்கவில்லை

எதற்கும் ஒரு காரணம் சொல்லாவிட்டால் டோமினிக்குக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது. மழை ஏன் தள்ளிப் போகிறது, வேப்பூர் பஸ் ஏன் வரவில்லை, பங்குச் சாமியார் பிரசங்கத்தை ஏன் இழுக்கிறார் என்று எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். விருத்தாசலத்தில் பாலகிருஷ்ணன் என்பவருடைய பீங்கான் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை அடுக்கி எரிக்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிக்கிறவரும் அவர்தான். பட்டறையில் படித்தவர், கோயிலில் உழைப்பாளி என்று இரண்டு பக்கமும் மரியாதை வாங்கிக்கொண்டிருந்ததால், அவரை மறுத்துப் பேச ஆள் கிடையாது. பாஞ்சாலை மட்டும் பேசுவாள்.

பாஞ்சாலைக்கு, அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் விளிம்பைச் சீவி ஈரத்துணியால் துடைத்துப் பலகையில் வைக்கிற வேலை. அந்தப் பட்டறையில் வருஷம் பூராவும் கரண்டு ஃபியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டைதான் ஓடும். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் செட்டு. 2006ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில் மாதாவும் சூசையப்பரும் ஆடும் மாடும் கழுதையும் பட்டறை முழுக்க வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்குள் உண்மையில் உயிரோடிருந்த பிராணி ஒன்றுதான். செவலை என்கிற நாய்.

ஒரு புதன்கிழமை காலையில் பாஞ்சாலை சூளைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, இங்க வந்து பாருங்களேன். செவல பூனக்குட்டிக்குப் பாலு குடுக்குது!"

போய்ப் பார்த்தார். சூளையின் கதகதப்பில் செவலை ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஈன்ற நாலு குட்டிகளையும் யார் யாரோ தூக்கிப் போய்விட்டிருந்தார்கள். போன வாரம் லாரியில் அடிபட்டுச் செத்த பூனையின் சாம்பல் நிறக் குட்டி இப்போது அதன் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. செவலை அதன் முதுகை மெதுவாக நக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

"சாமி மனசு எப்பிடி இருக்கும்னு கேட்டா இப்பிடித்தான் இருக்கும்னு சொல்லுவேன் மேஸ்திரி."

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சாமி," என்றார் டோமினிக். "குட்டிங்கள தூக்கிட்டுப் பூட்டானுங்க. மடி கட்டிக்கிட்டு வலிக்குது. வலி தாங்காம குடுக்குது. அன்பு வைக்கிறதுக்கு ஆத்துமா வேணும். நாய்க்கு ஏது?"

"மடி கட்டுனா பாலு குடுக்கும், செரி. நக்கி எதுக்கு வுடுது?"

"போயி வேலையப் பாரு," என்றார் டோமினிக். அவரிடம் பதில் இல்லாதபோது மற்றவர்களுக்கு வேலை ஞாபகம் வரவேண்டும் என்பது பட்டறையின் சட்டம்.

அன்று மத்தியானம் பெண்ணாடத்திலிருந்து அறிவழகன் வந்தான். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன். டோமினிக்கின் தங்கை ஜெசியின் புருஷன். பதினொரு வருஷத்தில் அவன் அந்தப் பட்டறை வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே பேசினான்.

"மச்சான், ஜெசிக்கு வவுத்துல கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில திங்கக்கெழம ஆப்ரேஷன். ஞாயித்துக்கெழம மத்தியானம் கெளம்புறோம். போறதுக்குள்ள ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுது. வேற ஒண்ணும் கேக்கல."

டோமினிக் கையிலிருந்த பொம்மையை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தார். "கோயில் படி ஏறி, நான் செஞ்சது தப்புன்னு அவ சொல்லட்டும். அப்பறம் நான் வரேன். மொத வார்த்த அவ வாயில இருந்துதான் வரணும்."

"அதுக்கெல்லாம் நாளு இல்ல மச்சான். ஒடம்பு அப்பிடி இருக்குது."

"அது ஒங்க இஷ்டங்க."

அறிவழகன் "செரிங்க, போயிட்டு வரேன்," என்று கிளம்பினான். நல்ல மனிதன். வேறொருவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போயிருப்பான்.

ஜெசி பேருக்குத்தான் தங்கை. பதினான்கு வயசு இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு வளர்த்தது டோமினிக்தான். தினமும் அவள் ஸ்கூலுக்குப் புறப்படும்போது கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார். ஒருநாள் மறந்துபோனதற்குப் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவந்து நெற்றியைக் காட்டியவள் அவள். அப்படி வளர்த்த பெண், கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்காமல் ரெஜிஸ்டர் ஆபீசில் ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பது அவருடைய புண். அந்தக் கதையை அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ஓர் இடத்தை மட்டும் எப்போதும் தாண்டிப் போய்விடுவார். அன்று சாயங்காலமே மாலையும் கழுத்துமாக ஆசீர்வாதம் கேட்டு வந்து, காலில் விழுந்து எழுந்த தங்கையின் கன்னத்தில் தெருவே பார்க்க ஓங்கி அறைந்தார். அந்த இடத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையைத் திறந்தபோது ஒரு பலகை கவிழ்ந்து கிடந்தது. குழந்தை இயேசு பொம்மைகள் இருபதும் தூளாகிக் கிடந்தன. பச்சைப் பொம்மைதான், கரைத்தால் மறுபடியும் மண். ஆனால் மறுநாள் சூளை எரிக்க வேண்டும். இருபது செட்டு பாலன் இல்லாமல் நிற்கும். பலகைக்குப் பக்கத்தில், சிதறிய துண்டுகளுக்கு நடுவே செவலை படுத்திருந்தது.

புதன்கிழமையிலிருந்து அவருக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு கிடந்தது. அதெல்லாம் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. விறகுக் கட்டை ஒன்றை எடுத்து அடித்தார். ஓர் அடி, இரண்டு, மூன்று. நாய் கத்தியதே தவிர ஓடவில்லை. அவருக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. நாலாவது அடி பின்காலில் விழுந்த பிறகுதான் அது எழுந்து நொண்டிக்கொண்டே வெளியே போனது. அது படுத்திருந்த இடத்தில் பூனைக்குட்டி கண்ணை மூடி நடுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாஞ்சாலை குட்டியைத் தூக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பிறகு பலகையையும், அதைத் தாங்கியிருந்த இரண்டு ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பலகைல நாப்பது பொம்ம இருந்துச்சு. நேத்து சாயங்காலம் இருபதக் கொண்டுபோயி சூளைல அடுக்குனது யாரு மேஸ்திரி?"

அடுக்கியது அவர்தான். பலகையிலிருந்து எடுக்கும்போது இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக எடுத்தால் மறுபக்கம் கனத்து, சாலையில் லாரி அதிர்ந்தாலே பலகை சாய்ந்துவிடும். வேலைக்கு வந்த முதல் நாளே பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது டோமினிக். மறந்தவர்களைக் கிழிகிழியென்று கிழிப்பதும் அவரே. வியாழக்கிழமை சாயங்காலம் ஜெசி நினைப்பிலேயே நின்றவர், ஒரு கோடியிலிருந்து வரிசையாக இருபதையும் எடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"வேலையப் பாரு," என்றார்.

பெண்கள் அன்று முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் இருபது பாலனையும் மறுபடி வார்த்தார்கள். ஈரம் போக அவற்றை அச்சிலிருந்து எடுத்துச் சூளைச் சுவர் ஓரமாக வைத்துக் காயவிட்டார்கள். செவலை வரவில்லை. பூனைக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. பாஞ்சாலை பஞ்சில் பால் நனைத்து வைத்துப் பார்த்தாள். அது குடிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அந்த இருபதையும் உள்ளே அடுக்கி, சூளை வாயைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்து, டோமினிக் நெருப்பு மூட்டினார். முதல் சில மணி நேரம் இளந்தீதான். அவசரப்பட்டால் பொம்மை வெடிக்கும். ஒரு கட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் இன்னொரு கட்டை. யோசிக்கப் பிடிக்காதவனுக்கு அதைவிடக் கொடுமையான வேலை கிடையாது.

எட்டு மணி வாக்கில் செவலை வந்தது. மூன்று காலில் தாவித் தாவி வந்து, நேராகப் பின்பக்கம் போய்க் குட்டிக்குப் பால் கொடுத்தது. அவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அது எழுந்து அவரிடம் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவர் கையை, நேற்று அடித்த அதே கையை, நக்கியது.

"வேர்வ உப்பு," என்றார் டோமினிக், யாரும் கேட்காமலே. "உப்புக்கு நக்குது."

நாய் நக்குவதை நிறுத்திவிட்டு அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. செருப்பில் ஏது உப்பு? டோமினிக் காலை எடுக்கவில்லை. வேறு காரணம் தேடினார்.

"நாய்க்கு நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இருக்காது. மறந்துட்டுது, அதான்."

"செரி, அந்தக் கட்டைய எடுங்க மேஸ்திரி," என்றாள் பாஞ்சாலை.

நெருப்பில் அடுத்த கட்டை வைக்கும் நேரம்தான். கட்டையை எடுத்தார். செவலை சட்டென்று உடம்பைக் குறுக்கி, காதை மடித்து, நொண்டிக்கொண்டே நாலடி ஒதுங்கியது. அவர் கட்டையை நெருப்பில் வைத்தார். கை காலியானதும் அது திரும்பி வந்து அதே பாதத்தில் தாடையை வைத்தது. அவர் வேண்டுமென்றே இன்னொரு கட்டையைத் தூக்கினார். மறுபடி ஒதுங்கியது. கீழே வைத்தார். மறுபடி வந்தது.

"மறந்துதா?" என்றாள் பாஞ்சாலை. "அதுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது. ஞாபகம் வெச்சிக்கிட்டுதான் வருது."

டோமினிக்குக்குக் காரணம் தீர்ந்துபோயிற்று. பாவத்தை ஒத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் கடவுள் கதவைத் திறப்பார், அதுவரைக்கும் உள்ளே உட்கார்ந்து காத்திருப்பார் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். அவரும் அப்படித்தான் வீட்டுக்குள் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்தும், ஒரு வார்த்தையும் கேட்காமல், நொண்டிக்கொண்டே தேடி வருகிற அன்பு ஒன்று உண்டு என்று இந்த நாய் காட்டுகிறதே, இதை அதற்கு யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் பக்கத்திலேயே சூளை இருந்தது.

"பலகைல ஒருபக்கமா எடுத்தது நான்தான்," என்றார்.

"அது தெரிஞ்ச விஷயந்தானே," என்றாள் பாஞ்சாலை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவி பாக்கியமேரியிடம், "நாளைக்குக் காலைப் பூச முடிஞ்சதும் பெண்ணாடம் போறேன். வூடு எங்கன்னுதான் தெரியாது," என்றார்.

"ஆலை ரோட்டுல மூணாவது சந்து. பச்ச கேட்டு போட்ட வூடு. மாடிப்படி வெளிய இருக்கும்," என்றாள் அவள் அரிசி களைந்துகொண்டே. டோமினிக் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'பழசெல்லாம் போவட்டும். ஒன்ன நான் மன்னிச்சிட்டேன்.' நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. பெரிய மனசோடு ஒருவன் சொல்கிற வாக்கியம்.

பச்சை கேட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அறிவழகன் பையை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜெசி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். அவரைப் பார்த்ததும் அழவில்லை, சிரித்தாள்.

"வந்துட்டியாண்ணே," என்று பக்கத்தில் வந்து நின்றாள். "சிலுவ போட்டு வுடுண்ணே, கெளம்புறேன்."

டோமினிக் வலது கையைத் தூக்கினார்.

ஜெசியின் முகம் சட்டென்று ஒருபக்கம் திரும்பியது. தோள் குறுகி உயர்ந்தது. கண் இறுக மூடிக்கொண்டது. ஒரு நொடிதான். அவளுக்கே தெரியாமல் உடம்பு செய்த காரியம் அது. உடனே நிமிர்ந்து, கண்ணை மூடியபடியே, நெற்றியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் இருந்த இடம் தெரியவில்லை. மன்னிக்க வந்தவர் யார், மன்னித்துவிட்டு இத்தனை வருஷம் காத்திருந்தவர் யார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஜெசி, அன்னிக்கு நான் ஒன்ன அடிச்சிட்டேன்," என்றார். "தப்பு. என் தப்பு."

"ஆமாண்ணே," என்றாள் அவள், நெற்றியை எடுக்காமலே. "மொதல்ல சிலுவயப் போடு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

மண் ஏறிக் காய்த்துப்போன கட்டைவிரலை அவள் நெற்றியில் வைத்து, மெதுவாக, மேலிருந்து கீழாக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டார். இந்தத் தடவை அவள் ஒதுங்கவில்லை.