எண்ணெய்க் கோடு

...மறுபடியும் வந்துவிட்டது, இரண்டாவது பூச்சு காய்வதற்குள் அடியிலிருந்து டீக்கறை மாதிரி கிளம்பி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரே நேர்கோடு, மட்டம் பார்த்துக் கட்டுகிற கொத்தனார்கூட இத்தனை நேராகப் போடமாட்டான், தண்ணீர் போட்டது, தண்ணீர் மேல் மிதந்து வந்த எண்ணெய் போட்டது. வேலப்பன் ரோலரைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தான். மணி பதினொன்று. நாலு மணிக்கு மாப்பிள்ளை வருவார். வெள்ளை பெயின்ட் டப்பாவில் அடிமட்டம்தான் மீதி, இன்னொரு டப்பா வாங்கினால் புதுப் பாய் கிடையாது, திரைச்சீலை கிடையாது... எண்ணெய் மேல் பெயின்ட் ஒட்டாது என்று அவனுக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் அதுதானே வேலை, கப்பலில் துருவைச் சுத்தியால் தட்டிக் கொட்டி, தின்னர் போட்டுத் துடைத்து, வெறும் இரும்பு பல்லைக் காட்டின பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவான், எவன் கப்பலோ, எந்த ஊர்க் கொடியோ, அதற்கெல்லாம் ஒழுங்காகச் செய்தவன் தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் அழுக்கு மேலேயே அடித்துக்கொண்டு நிற்கிறான். இதைத் தட்டினால் துரு மட்டுமா கொட்டும், சுவரே கொட்டும், உப்புத் தண்ணீர் குடித்த பூச்சு, நகத்தால் கீறினாலே மாவாக வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அடித்திருக்கலாம். அடிக்கவிடவில்லையே. ஆலை எண்ணெயோடு வந்த வெள்ளம் வடிந்ததும் சடையங்குப்பம் பூராவும் ஒரு பேச்சு கிளம்பியது, கணக்கெடுக்க வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், கோடு இருந்தால்தான் நஷ்டஈடு, யாரும் சுவரைக் கழுவாதீர்கள் என்று. யார் சொன்னது? யாரோ சொன்னார்கள். தெருவே கழுவவில்லை. பொம்பளைகள் வீட்டைக் கூட்டும்போதுகூடக் கோட்டில் துடைப்பம் படாமல் கூட்டினார்கள், சாமி படத்துக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அவன் ஒரு படி மேலே போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் கப்பலுக்கு நம்பர் எழுதுகிற சிவப்பு பெயின்ட்டில் தன் கையாலேயே எழுதினான், இது வரைக்கும் தண்ணீர், வேலப்பன், கதவு எண் பதினேழு... நாற்பது வயதுக்கு மேல் மகள் எழிலின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் படித்த எழுத்து. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவன் முதல்முதலாக நாலு பேர் பார்க்க எழுதினது அதுதான். பார்க்கத்தான் ஒருத்தனும் வரவில்லை. ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று, பக்கத்து வீட்டு கெங்கம்மா முதலில் சலித்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்தாள், பிறகு ஒவ்வொரு வீடாக. இவன் மட்டும் காத்திருந்தான், எழுதிவிட்டோமே என்றா? இன்றைக்கு அதன் மேலேயும் ரோலரை ஓட்டினான், வெள்ளைக்கு அடியிலிருந்து வேலப்பன் ரோஸ் நிறத்தில் எட்டிப் பார்க்கிறான்.

மாப்பிள்ளை வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் எழில்மொழி தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவாள். எட்டு மாசம் முடியப்போகிறது. பெண்ணைப் பெற்றவன் வீட்டில் முதல் பிள்ளை, அது ஒன்றாவது நடக்கவேண்டாமா? வளைகாப்பன்று சம்பந்தியம்மா ரமாபாய் நாலு பேர் நடுவில், அந்த வீட்டில் எப்படிப் பச்சைப்பிள்ளையைப் படுக்கவைப்பது என்று கேட்டுவிட்டாள், அவர்கள் இருக்கிற மணலி புதுநகர்க் காற்று என்னவோ பன்னீர் தெளித்த மாதிரி. எழில் எழுந்துவந்து அம்மாவைத் தனியே இழுத்துக்கொண்டுபோய் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று வரும் வழியில் கேட்டதற்கு அவன் பெண்சாதி மங்கை பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சுவரைத்தான் சொல்கிறாள், அசிங்கமாக இருக்கிறதாம் என்றாள். சுவர்தானே, சுவர் என்றால் அது நம்ம வேலை... அன்றைக்கே மனசில் அளவெடுத்துவிட்டான்.

கடைசியில் வெள்ளி பெயின்ட்டை எடுத்தான். கப்பலில் மிச்சம் என்று மேஸ்திரி கொடுத்த அரை டப்பா, எண்ணெயை அடக்கும் என்றால் இது ஒன்றுதான் அடக்கும். கோட்டின் மேல் ஒரு முழ அகலத்துக்கு இழுத்துக்கொண்டே போனான், வீடே பளபளத்தது. கெங்கம்மா வாசலில் வந்து நின்றுகொண்டு, "இன்னா வேலப்பா, கப்பலுக்கு அடிக்கறத வூட்டுக்கு அடிச்சினு கீற? அடுத்த வெள்ளத்துக்கு மெதக்க வுடப்போறியா?" என்றாள். "உனுக்கும் ஒரு எடம் போட்டு வெக்கிறேன்கா, நங்கூரம் தேவப்படும்" என்றான். அவள் சிரித்தாள், உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெயின்ட் காட்டம் தாங்கவில்லை என்று போய்விட்டாள். அவனுக்கு ஒன்றும் காட்டமாக இல்லை. எதுவும் எப்போதும் இருந்ததில்லை. கப்பல் தொட்டிக்குள் இறங்க மற்றவர்கள் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு தயங்குவார்கள், மேஸ்திரி, "வேலப்பன அனுப்பு, அவனுக்கு மூக்கே கெடியாது" என்பார், இவன் வெறும் மூஞ்சியோடு இறங்குவான். தெம்பு என்று நினைத்துக்கொள்வான். வெள்ளம் வந்த வாரம் தெருவே சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடியபோது, எண்ணெய்த் தண்ணீருக்கு மேல் பரணில் உட்கார்ந்து வீட்டைக் காத்தவனும் அவன்தானே.

மத்தியானத்துக்கு மேல் ஸ்டிக்கர். பாரிமுனை பிளாட்பாரத்தில் வாங்கினது, செங்கல் மாதிரி புடைத்த மெத்துமெத்தென்ற அட்டை. செங்கல் சுவருக்கு மேல் செங்கல் படம் ஒட்டுகிறோமே என்று ஒட்டும்போது சிரிப்பு வந்தது. கோட்டை மறைக்கிற உயரத்துக்கு மட்டும்தான் வாங்க முடிந்தது. பழைய புடவையை மங்கை திரைச்சீலையாகத் தைத்து வைத்திருந்தாள், மாட்டினான். புதுப் பாயை விரித்தான். டியூப் லைட்டைத் துடைத்துப் போட்டான். நன்றாகத்தான் இருந்தது, யாரோ வேறு ஆள் வீடு மாதிரி. சந்தேகத்துக்கு ஒருமுறை கேட்டான், "வாசன எதுனா வருதா?" சமையல் பக்கத்திலிருந்து மங்கை திரும்பாமலே, "ஒண்ணும் இல்லய்யா" என்றாள். இரண்டு வருஷமாக அவன் கேட்பான், அவள் அதைத்தான் சொல்வாள்.

மாப்பிள்ளை அறிவு நாலரைக்கு வந்தார். நல்ல பையன், குறை சொல்லத் தெரியாது. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார், ஸ்டிக்கரை விரலால் அமுக்கிப் பார்த்தார், "சூப்பரா கீது மாமா, நீங்களே பண்ணதா?" என்றார். வேலப்பனுக்குக் காதுவரைக்கும் சந்தோஷம். உட்காரச் சொல்லி நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே போட்டான். அறிவு அதைத் தானே தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே போட்டுக்கொண்டார், "இங்க காத்தா கீது மாமா." வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. டீயையும் வெளியிலேயே குடித்தார். எழில் எப்போது வருகிறாள் என்று கேட்டதற்கு டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவ கேட்டுட்டு சொல்றேன் மாமா, டாக்டரு வேற அலயக்கூடாதுன்னாரு" என்றார். வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்பும்போது நின்று, ஒரு நிமிஷம், நெஞ்சு ஏறி இறங்க மூச்சு இழுத்துவிட்டுப் போனார். அதை வேலப்பன் பார்த்தான்.

உள்ளே வந்தான். வெள்ளி காயாமல் இருக்குமோ, பெயின்ட்தானோ, நாளைக்குப் போய்விடுமோ... சுவரிடம் குனிந்து, செங்கல் படத்தில் மூக்கை வைத்து அழுத்தி, இழுத்தான். ஒன்றுமில்லை. தின்னர் டப்பாவைத் திறந்து இழுத்தான். கண் எரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கொதிக்கிற சத்தம் கேட்டுத்தான் அவனுக்கு அது தெரிந்தது. எப்போதிலிருந்து? மேஸ்திரி தமாஷுக்குச் சொன்னது இல்லையா அது? பஸ்ஸில் மங்கை ஜன்னலைப் பார்த்தது... மகள் சுவரையா சொன்னாள்? "மங்க, நெஜமா சொல்லு, வாசன வருதா?" அவள் கரண்டியை வைக்கவில்லை. "இல்லன்னு எத்தினி வாட்டிதான் சொல்றது." அவள் இரண்டு வருஷமாக முகத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள், வெக்கை என்பாள், சில நாள் கொசு என்பாள். கொடியில் அந்தத் துண்டு இப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கை போயிற்று, வைத்தால் மட்டும் அவனுக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது...