மாட்டியவரே கழற்ற வேண்டும்

மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட்டுக்காரர் மடிக்கணினியில் 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தினார். பாதி வேலை ஆவதற்குள் கைபேசி அலறியது. வழக்கம்போல மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு அதை எடுத்தார். அத்தோடு உலகம் நின்றுபோனது.

உலகம் என்றால் 'மேலும் கீழும்' என்கிற அவருடைய வலைப்பூ. நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், ஓய்வுபெற்றதும் பார்த்த பழுதையெல்லாம் எழுத உட்கார்ந்துவிட்டார். இலவசத் தளம் வாடகை வீடு மாதிரி, ஆணி அடிக்க விடமாட்டான் என்று சொல்லி, சொந்தமாக சர்வரில் இடம் பிடித்து மென்பொருளையும் தானே நிறுவினார். தினமும் லட்சம் பேர் படிப்பதாகச் சொல்லிக்கொள்வார். பதினொரு பேர் படித்தார்கள். அதில் இருவர் அவரும் அவர் கைபேசியும்.

அழைத்தது அவருடைய அக்கா.

"டேய், ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டேன். இங்க லிஃப்ட் ஓடல. முட்டியில பன்னெண்டு தையல், வீடு ஏழாவது மாடி. வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்திருக்கேன். அதுக்கும் மூணு காலுதான்!"

"மெக்கானிக் வரலையா?"

"வந்தாச்சு. உன் வலைப்பூவைப் பாக்கணும்னு நிக்கிறார். அது பராமரிப்பு, கிராமரிப்புன்னு என்னமோ சொல்லுதாம்."

அந்த லிஃப்ட்டைச் செய்த கம்பெனி மூடி இருபது வருடம் ஆகிறது. எந்தக் கம்பி எந்த ரிலே சுவிட்சுக்குப் போகிறது என்பது பூமியில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: அவருடைய பதிவில். குறிப்பு நோட்டை, "இணையத்துல ஏத்தியாச்சு, இனி காகிதம் எதுக்கு?" என்று பழைய பேப்பரோடு போட்டவரும் அவரேதான்.

"எனக்கு மனப்பாடம்" என்று மெக்கானிக்கிடம் ஆரம்பித்தார். "ரெண்டாவது ரிலேலேருந்து பச்சைக் கம்பி ஒன்பதாவதுக்கு."

"சார், இதுல மொத்தமே எட்டுதான் இருக்கு."

அக்காவை இணைப்பிலேயே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். 'பராமரிப்பு நடக்கிறது. சற்றுப் பொறுக்கவும்' என்று ஒரே ஒரு வரி. கையைக் கட்டிக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார்.

பத்து நிமிடம் போயிற்று. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, தியானமா?"

"உள்ள வேலை நடக்குதும்மா. பலகை தொங்குது பாரு."

லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மேலே சுவிட்சில் ஒரு பலகையை மாட்டிவிட்டு இறங்குவான். மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மற்றவன் கை வைத்தால் உள்ளே இருப்பவன் சட்னி. ஒரு தடவை, மாட்டியவன் சாப்பிடப் போய்விட்டான் என்பதற்காக ஒரு வங்கித் தலைவரையே பதினாறு மாடி ஏறவிட்டவர் இவர். சொல்லும்போது முப்பத்திரண்டு மாடி ஆக்கிவிடுவார்.

மனைவி அதற்குள் தன் கைபேசியில் தேடிப் படித்துவிட்டார். "புதுப்பிக்கும்போது மென்பொருளே 'பராமரிப்பு'ன்னு ஒரு கோப்பைப் போட்டுக்குமாம், முடிஞ்சதும் அதுவே எடுத்துடுமாம். நடுவுல அறுந்துட்டா அப்படியே கிடக்குமாம். நாமதான் அழிக்கணும்."

"பலகையில கை வைக்கறதா? உள்ள ஆள் இருந்தா?"

"சரி, அந்தப் பொத்தானை அழுத்தினது யாரு?"

"நான்."

"பாதியில மூடினது?"

"...நான்."

"அப்ப பலகையை மாட்டினவரே நீங்கதானே. கழட்டுங்க. உங்க அக்கா அங்க மூணு கால்ல உக்காந்திருக்காங்க."

சர்வரின் கோப்பறைக்குள் நுழைந்தார். கோப்பைக் காணவில்லை. பெயர் புள்ளியில் தொடங்கினால் கண்ணில் படாதாம். மறைந்தவற்றைக் காட்டச் சொன்னதும் பல்லை இளித்துக்கொண்டு வந்து நின்றது. அழிக்கும் முன் தொழில்முறைப்படி மூன்று தடவை கத்தினார்:

"குழிக்குள்ள யாராவது இருக்கீங்களா?"

"யாருமில்ல!" என்று மூன்று தடவையும் மனைவி சமையலறையிலிருந்து பதில் கொடுத்தார்.

அழித்தார். பராமரிப்பு வரி போனது. வந்தது வெள்ளைப் பக்கம், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. பிழைப்பதிவேட்டைத் திறந்தால், பாதி புதுப்பித்த நிலையில் 'பிளகின்' எனும் செருகுநிரல் ஒன்று செத்துக் கிடந்தது: வருகை எண்ணி. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகைகளைச் சேர்த்து வைத்திருந்த அவருடைய கண்ணின் மணி. அதைத் தூக்கினால்தான் தளம் எழும். எண்ணிக்கை திரும்பி வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

கை தயங்கியது. கைபேசியில் நாற்காலி கிறீச்சிட்டது.

"டேய், உயிரோட இருக்கியா?" என்றார் அக்கா.

ஒரு பெருமூச்சு விட்டு எண்ணியின் கோப்புறையை நீக்கினார். தளம் வந்துவிட்டது.

"கிடைச்சிருச்சு சார்!" என்று மெக்கானிக்கின் குரல். "பச்சை ஆறாவதுக்குப் போகுது."

"அதைத்தானேய்யா நானும் சொன்னேன்!"

கால் மணி நேரம் கழித்து அக்கா லிஃப்ட்டுக்குள் ஏறினார். கைபேசி இணைப்பிலேயே இருந்தது. லிஃப்ட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கதவு சாத்திக்கொண்டது, மோட்டார் முனகியது, பெட்டி மேலே போனது.

"அக்கா, மூணாவது மாடி தாண்டும்போது ஒரு உரசல் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு. மெக்கானிக் கிட்ட பெட்டி ஓடுற ரெயிலுக்கு எண்ணெய் போடச் சொல்லு."

"முதல்ல என்னை இறங்க விடுடா!" என்றார் அக்கா, ஏழாவது மாடியில்.