நாற்பத்தோராம் குப்பி

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த தகப்பன் இறந்ததும், ஞானசெல்வி ஒரு மாத லீவில் கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தாள். அறுபத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். அங்கே கடலாய்வு நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் வலைபோட்டு அள்ளிவந்த கிரில்களை, கூனி இறால் போலிருக்கும் அந்தப் பொடி உயிர்களை, இனம் பிரிக்க வேண்டும். எந்த இனம் எந்தக் கடலில் கிடைத்ததென்று வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டதால், மிச்சமிருந்த அறுபது குப்பிகளையும் மைக்ராஸ்கோப்பையும், உடல்கள் கெடாமலிருக்கக் குப்பிகளில் ஊற்ற ஒரு டின் மெத்தில் ஸ்பிரிட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அண்ணன் ஜெபமணி மண்டியைத் திறப்பதே இல்லை. மதுவிலக்குக் காலம். மலையேறிக் கேரளத்துப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவான். போக முடியாத நாளில் கை நடுங்கும்.

அன்று மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தோராம் குப்பியில் இருந்தவை இரண்டே இரண்டு. லென்ஸுக்குக் கீழே ஒன்றைப் புரட்டி, உணர்கொம்பின் அடியிலிருந்த மடலைப் பார்த்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குப்பியின் சீட்டில் வங்காள விரிகுடா என்றிருந்தது; அங்கே இந்த இனம் உண்டென்று யாரும் எழுதியதில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் டின் மூடி திருகும் சத்தம் கேட்டது.

"என்னண்ணே தேடுற?"

"ஒண்ணுமில்ல. மண்ணெண்ண."

திரும்பினால் ஊசிமுனையில் நிற்கும் கிரில் நழுவிவிடும். "அது மண்ணெண்ண இல்ல, அங்கனயே வையி" என்று மட்டும் சொன்னாள். விஷம் என்று சொல்லவில்லை.

மறுநாள் முற்றத்தில் நல்ல வெளிச்சம். ஜெபமணி பாயில் உட்கார்ந்து, "செல்வி, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். "வெள்ள வேட்டிய மூஞ்சில போட்ட மாதிரி இருக்கு."

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது, குடித்த ஸ்பிரிட் பறித்த பார்வை இனி வராது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்டான்: "நான் எடுத்தது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் வீடு திரும்பியபோது மேஜை காலியாக இருந்தது. எல்லாக் குப்பிகளையும் தாய் கிருபாவதி சாக்கடையில் கொட்டி உடைத்திருந்தாள்.

"எம் பிள்ள கண்ணத் தின்னதுகளுக்கு இந்த வீட்ல இடமில்ல" என்றாள்.

ஞானசெல்வி சாக்கடையோரம் முழங்காலிட்டுத் துழாவினாள். விரலை அறுத்த கண்ணாடிச் சில்லுகள்தான் கிடைத்தன. நாற்பத்தொன்றை அவள் வரைந்துகூட வைத்திருக்கவில்லை.

நடந்ததைக் கொச்சி நிலையத்துக்கு எழுதினாள். ஆபீசர் பதில் போட்டார்: பார்த்தது உறுதியென்றால் புள்ளியை வைத்துவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

வரைபடத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாள். பார்த்தது நிஜம்தான். ஆனால் அந்த மடலை நினைவுக்குக் கொண்டுவர முயலும்போதெல்லாம் மூடி திருகும் சத்தமே முதலில் வந்தது. மடல் எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதை இப்போது அவளால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. நாற்பது குப்பிகள் வரைக்குமான புள்ளிகளோடு வரைபடத்தை அனுப்பினாள். உறைக்குள் ராஜினாமாவும் இருந்தது.

ஆவணியில் மண்டியை அவளே திறந்தாள். ஜெபமணியைக் கைபிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். கூடலூரிலிருந்து வந்த வியாபாரி, "கண்ணுக்கு என்ன செஞ்சுச்சு தம்பி?" என்று கேட்டார்.

"காய்ச்சல்ல போயிருச்சுண்ணே" என்றான் ஜெபமணி.

ஞானசெல்வி அதைத் திருத்தாமல் தராசில் ஏலக்காயை அள்ளிப் போட்டாள்.