துருத்தி மிதிக்கிறவள்

தாடை திறந்துகொள்ளாமலிருக்க வியோலாந்தேயின் முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் தங்கை ஓர்சோலா. உயிரோடு இருந்தவரை அக்காவின் வாயை யாராலும் மூட முடிந்ததில்லை.

மடத்துத் தலைவி வாசலிலேயே நின்றாள். "நாளைக்குச் சாதாரணப் பாட்டே போதும் ஓர்சோலா. அவ எழுதினதை எப்படிப் பாடறது? அடிக்குரலுக்கு யாரிருக்கா?"

கேள்வி நியாயமானதுதான். போலோஞா நகரத்துக் கன்னியர் மடத்தில் ஆண் வாடைக்கு இடமில்லை. பேராயர் எத்தனை தடை போட்டாலும் வியோலாந்தே நாலு குரலுக்குத்தான் எழுதுவாள்; ஆண்கள் பாடவேண்டிய அடிக்குரலைத் தானே பாடுவாள். மடத்தில் யார் செத்தாலும் அவள் கட்டிய இரங்கற்பாட்டுதான்.

"சமையல்கட்டு தெக்லாவுக்குக்கூட அதைப் பாடினோமே அம்மா. எழுதினவளுக்கு இல்லையா?" ஓர்சோலா முடிச்சை இழுத்து இறுக்கினாள். "அடிக்குரலை நம்ம ஜினெவ்ரா ஆர்கன்ல வாசிக்கட்டும். நான் துருத்தி மிதிக்கிறேன்."

"இந்தத் துக்கத்துல உன்னால முடியுமா?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

அதுவும் உண்மை. இருவரும் மடத்தில் சேர்ந்த புதிதிலேயே, "நீ வாயைத் திறக்காதே, காலை அசை" என்று அக்கா அவளை ஆர்கனுக்குப் பின்னால் அனுப்பிவிட்டாள். ஆர்கன் குழல்களுக்குக் காற்றூதும் துருத்தியின் மிதிக்கட்டை ஒரு சனியன், கிறீச்சிடும். பாட்டின் நடுவில் மிதித்தால் சாப்பாட்டு மேசையில் அக்கா மானத்தை வாங்கிவிடுவாள். அதனால் அக்கா மூச்சிழுக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓர்சோலா மிதிப்பாள். பலகை மறைப்புக்குப் பின்னாலிருந்து எதுவும் தெரியாது. அந்த மூச்சுதான் கணக்கு.

மறுநாள் கோயிலின் கம்பித் தடுப்புக்கு அப்பால் ஊர்ச்சனம் கூடியிருந்தது. மூன்று குரல்கள் எழுந்தன. அடியில் ஆர்கன் கூடவே வந்தது. ஓர்சோலா காலைக் கட்டைமேல் வைத்துக் காத்திருந்தாள். பாட்டு போய்க்கொண்டேயிருந்தது. ஆர்கனின் ஒலி இளைத்து, இறங்கி, நின்றே போனது. பாடியவர்கள் திகைத்து வாயை மூடிக்கொண்டார்கள். கம்பிக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

பிறகுதான் அவள் மிதித்தாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அடக்கம் முடிந்ததும் தலைவி நேராக ஆர்கனுக்குப் பின்னால் வந்தாள். "ஊரே கேட்டுட்டிருந்துச்சு. தூங்கிட்டியாடி?"

"இல்லம்மா." ஓர்சோலா அசையாமல் நின்றிருந்தாள். "அக்கா மூச்சு வாங்கட்டும்னு நின்னேன்."

"சரி, வா. சூப் ஆறுது" என்றாள் தலைவி.

ஓர்சோலா கட்டையிலிருந்து காலை எடுத்தாள். அது கிறீச்சிட்டது.